கால் வைக்காத மாநிலத்தின் உரிமம்

என் மகள் ஆடிட்டர். புதிதாக அறிமுகமாகும் யாரிடமும் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை என்பது என் மனைவியின் புகார். அது அபாண்டம். பேருந்துக்குக் காத்திருக்கும்போது மட்டும்தான் சொல்வேன். காரைக்காலில் பேருந்துகள் தாமதமாக வருவதற்கு நான் பொறுப்பல்ல.

மகள் எங்கள் ஊர்த் தருமபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, பெயர்ப்பலகை மாட்டி, தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தாள். அரிசி ஆலைக்காரர்கள், இறால் ஏற்றுமதி செய்பவர்கள், துறைமுகத்துக்கு லாரி விடுபவர்கள், கணக்கு வைப்பது என்றால் ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுவது என்று நம்பும் இரண்டு அறக்கட்டளைகள், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். நானும் அரசுக் கணக்குத் துறையில் பணிக்காலம் முழுவதும் கையெழுத்துப் போட்டவன்தான். ஆனால் என் கையெழுத்துக்கு மேலே இன்னொருவர் கையெழுத்துப் போட எப்போதும் இடம் விட்டிருக்கும். அவளுடையது அப்படியல்ல. அது விழுந்துவிட்டால் கணக்கு முடிந்தது. அவள் அலுவலக வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, உள்ளே போகாமல், பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு. சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கிறதா என்று பார்க்க நின்றதாக வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் மாப்பிள்ளையை அவருடைய கம்பெனி அமெரிக்காவுக்கு மாற்றியது. பக்கத்துப் போலகத்துக்காரர், மென்பொருள் வேலை. அதிகம் பேசமாட்டார், சொன்னதைச் செய்துவிடுவார். இந்த இரண்டும் சேர்ந்த மனிதரை என் முப்பத்துச் சொச்ச வருஷப் பணிக்காலத்தில் நான் சந்தித்ததில்லை.

“நீயும் கூடப் போயிடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றாள் என் மனைவி, மகளிடம்.

“போயி?”

“போயின்னா? குடும்பம் நடத்துறது.”

“அது சரி. அங்க நான் என்ன வேல பாக்குறது?”

“ஏன், இங்க பாக்குற வேலயத்தான் அங்கயும் பாக்குறது. கணக்கு எல்லா ஊர்லயும் கணக்குதானடி?”

இல்லை என்று மகள் விளக்கினாள். இந்தியாவில் வாங்கிய சி.ஏ. பட்டயத்துக்கு அங்கே மரியாதை உண்டு, அதிகாரம் கிடையாது. அவர்களுடைய உரிமம் வாங்காதவரை எந்தத் தணிக்கை அறிக்கையிலும் அவள் கையெழுத்துச் செல்லாது. கணவனுக்குக் கிடைத்த வகை விசாவில் மனைவியாகப் போனால் வேலை பார்க்கவே அனுமதி இல்லை. ஆனால் அந்த உரிமத்துக்கான தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். சென்னையில் ஓர் அமெரிக்கத் தணிக்கை நிறுவனத்தின் கிளை அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்து, உரிமமும் வாங்கியவர்களை, நிறுவனமே தன் செலவில் அமெரிக்காவுக்கு அனுப்பும்.

“அவரு விசாவுல போறதுக்கும் என் லைசென்ஸ்ல போறதுக்கும் வித்தியாசம் இருக்குப்பா” என்றாள் என்னைப் பார்த்து. “மொதல்ல லைசென்ஸ். அப்பறம்தான் டிக்கெட்டு. அது கெடைக்கலன்னா, போயி வீட்ல உக்காந்துக்கிட்டு ஆடிட்டரா இருந்தேன்னு சொல்லிக்கிட்டு இருக்கணும். அது என்னால முடியாது.”

“எந்த அலுவலகத்துல வாங்கணும் அந்த லைசென்ஸ?” என்று கேட்டேன். எனக்கு எப்போதும் முதலில் தோன்றும் கேள்வி அதுதான்.

“அதான்ப்பா இப்ப கேள்வியே. நாடு முழுக்க ஒரு லைசென்ஸ்னு கெடையாது. ஸ்டேட்டுக்கு ஸ்டேட் தனித்தனி போர்டு. தனித்தனி ரூல்ஸ். எந்த ஸ்டேட்ல வாங்குறதுன்னு நாமளே தேர்ந்தெடுக்கணும்.”

வேறு ஊர்க்காரனாக இருந்தால் மிரண்டிருப்பான். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் எழுந்ததை மறைக்கத் தண்ணீர் குடித்தேன். நாங்கள் காரைக்கால்காரர்கள். வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூரைத் தாண்டினாலும் தமிழ்நாடு, நடுவில் நாங்கள் மட்டும் வேறு. எங்கள் தலைநகரான புதுச்சேரிக்குப் போக அரை நாள் இன்னொரு மாநிலத்தின் வழியே பேருந்தில் போகவேண்டும். எங்கள் அரசாங்கத்தின் ஒரு துண்டு மலையாளக் கரையில் இருக்கிறது, இன்னொரு துண்டு ஆந்திரத்தில். பெட்ரோல் எந்தப் பக்கம் போடுவது, வண்டியை எந்தப் பக்கம் பதிவு செய்வது, பெண்ணை எந்தப் பக்கம் கொடுப்பது என்பதெல்லாம் இங்கே பிறந்தவனுக்குத் தானாக வரும். எங்கள் தலத்தெருவில் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள், நடுவில் ஒரே சுவர். பிரெஞ்சுக்காரர்கள் போனபோது ஒரு வீட்டுக்காரர் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார், அடுத்த வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. இன்றைக்கு அந்த வீட்டார் பிரான்ஸின் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த வீட்டார், அதாவது நாங்கள், சாக்கடையைத் தூர்வாரச் சொல்லி மனு எழுதுகிறோம். எல்லைக்கோடுகளோடு வாழ்வதற்கு எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

“அப்ப அங்க அம்பது காரைக்கால் இருக்குன்னு சொல்லு” என்றேன்.

“அம்பதுக்கு மேல” என்றாள் மகள்.

“போச்சு. இனிமே இவரு சாப்பாட்டுக்கு வந்த மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு என் மனைவி எழுந்து போனாள்.

எந்த மாநிலம், என்ன விதி என்று இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இதைப் படித்துவிட்டு யாராவது விண்ணப்பம் போட்டு, அது திரும்பி வந்து, என் ஆயுசுக்கும் என்னைத் திட்ட வேண்டாம்.

மறுநாளே நான் முடிவுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை எந்த மாநிலத்தில் குடியிருக்கப் போகிறாரோ அந்த மாநிலம்தான். இதில் விவாதத்துக்கே இடமில்லை என்று நினைத்தேன். காரைக்காலில் எந்த உரிமைக்கும் முதல் கேள்வி, எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறாய் என்பதுதான். கல்லூரி இடத்துக்குக் குடியிருப்புச் சான்றிதழ். வேலைக்குக் குடியிருப்புச் சான்றிதழ். என் மனைவிக்குத் தாய்வீடு மயிலாடுதுறை. வளைகாப்பு முடிந்து தன் மகளை அழைத்துப்போக வந்த மாமனாரிடம், பிரசவம் மட்டும் காரைக்காலில்தான் நடக்கவேண்டும் என்று விதிகளை எடுத்து விளக்கினேன். பிறப்பு எந்தப் பக்கம் பதிவாகிறது என்பதில்தான் பிள்ளையின் படிப்பே இருக்கிறது என்றேன். கடைசியில் மாமியார் மூட்டை முடிச்சோடு தலத்தெருவுக்கு வந்து இரண்டு மாதம் தங்கினார். ‘நான் தாய்வீட்டுக்குப் போகல, தாய்வீடு என்னத் தேடி வந்துச்சு’ என்று என் மனைவி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படிப் பிறந்தவர்கள்தான்.

ஆகவே, மாப்பிள்ளை முன்னால் கிளம்பிப் போய் அங்கே வீடு பார்த்ததும் அவரை ஃபோனில் பிடித்தேன்.

“மாப்ள, வாடகை ஒப்பந்தத்துல அவ பேரையும் சேக்கச் சொல்லுங்க.”

“சேத்துடுறேன் மாமா.”

“கரண்ட் பில்லுலயும் ரெண்டு பேர் பேரும் வர்ற மாதிரி பாத்துக்குங்க.”

“சரிங்க மாமா.”

“ஊர் லைப்ரரில கார்டு குடுப்பாங்களா? அதுவும் ஒரு ஆதாரம்தான்.”

“ஆளு நேர்ல வரணும்னு சொல்லிட்டாங்க மாமா.”

“அதுக்குள்ள போயிக் கேட்டுட்டீங்களா?”

“போன வாரமே நீங்க சொன்னீங்களே மாமா.”

பாவம், வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், இந்த வீட்டுக்கு இதுவரை வராத மனைவியின் பெயரை ஏன் சேர்க்கவேண்டும் என்று விளக்கியிருக்கிறார். அவர் அனுப்பிய பக்கங்களை அச்செடுத்து, வரிசைப்படுத்தி, பச்சைக் கயிறு கோத்து ஒரு கோப்பாக மேசைமேல் வைத்தேன். மகள் மாலையில் வந்து பார்த்தாள்.

“என்னப்பா இது?”

“குடியிருப்பு ஆதாரம்.”

“நான்தான் அங்க குடியே போகலயே.”

“அதனாலதானே ஆதாரம் வேணும்?”

உள்ளேயிருந்து என் மனைவியின் சிரிப்பு கேட்டது. மகள் சிரிக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து அந்த மாநில வாரியத்தின் விதியை எனக்கு முன்னால் திருப்பி வைத்தாள். இரண்டு தடவை படித்தேன். அவர்கள் முகவரிக்கு ஆதாரமே கேட்கவில்லை. நீ எங்கே குடியிருக்கிறாய் என்பதில் அவர்களுக்கு அக்கறையே இல்லை. அவர்கள் கேட்டது, அந்த நாட்டில் வேலை பார்க்கும் உரிமை உள்ளவர்களுக்குத் தரும் ஒரு அடையாள எண்ணை. அந்த எண் அவளுக்கு வேலையோடு அங்கே போனால்தான் கிடைக்கும். உரிமம் வாங்கினால்தான் வேலையோடு போகமுடியும். அவள் குடியிருக்கப் போகிற மாநிலமே அவளுக்கு அடைத்த கதவாகிவிட்டது.

“வீடு இருக்கான்னு அவங்க கேக்கவே இல்லப்பா. நம்பர் இருக்கான்னுதான் கேக்குறாங்க.”

அந்தக் கோப்பை அவிழ்க்க மனம் வராமல் அப்படியே அலமாரியில் வைத்தேன். தயாரித்த விதத்தில் அதில் ஒரு குறையும் கிடையாது.

அதன்பிறகு ஒரு மாதம் நானும் அவளும் மாநிலம் மாநிலமாகப் படித்தோம். சரியாகச் சொன்னால் அவள் படித்தாள், நான் பின்னாலேயே போய்ச் சரிபார்த்தேன். எண் இல்லாதவர்களிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தை ஏற்கிற மாநிலங்கள் சில இருந்தன. சென்னையில் பார்க்கும் வேலையை அனுபவமாகக் கணக்கில் எடுப்பவை அவற்றிலும் சில. கடைசியில் இரண்டு நின்றன. இரண்டிலும் நமக்குத் தெரிந்த ஒரு மனிதர் கிடையாது. மாப்பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து இரண்டுமே விமானத்தில் போகவேண்டிய தூரம். அதில் ஒன்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேட, பேத்தி பிறந்தால் காட்டலாம் என்று என் மனைவி வாங்கி வைத்திருந்த உலக உருண்டையை எடுக்க வேண்டியதாயிற்று.

கால் வைக்காத ஊரில் போய் உரிமம் வாங்குவதா? எனக்கு ஒப்பவில்லை. கடற்கரைச் சாலையில் என்னோடு மாலையில் நடக்க வரும் நண்பரிடம் புலம்பினேன். பாய் என்றுதான் கூப்பிடுவேன். கப்பல் முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் எல்லோரும் கடல் தாண்டியிருக்க, அவர் கப்பல்களைக் கரையிலிருந்தே வழியனுப்பி வாழ்ந்தவர்.

“என்ன சார், மூஞ்சி வாடிக் கெடக்கு? பென்ஷன் வரலயா?”

“பென்ஷனெல்லாம் வந்துடுச்சு பாய். பொண்ணு, கண்ணுலயே பாக்காத ஊர்ல லைசென்ஸ் வாங்கப் போறேங்குறா.”

“வாங்கட்டுமே. உங்களுக்கு என்ன?”

“அந்த ஊருக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?”

பாய் கடலைக் காட்டினார். துறைமுகத்துக்குள் நுழைய முறை வராமல் ஒரு நிலக்கரிக் கப்பல் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது.

“அந்தா நிக்கிதே, அது எந்த ஊரு கப்பல்னு சொல்லுங்க பாப்போம்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“பின்பக்கம் பனாமான்னு எழுதியிருக்கும். மொதலாளி கிரேக்கன். மாலுமியெல்லாம் பிலிப்பைன்ஸ்காரன். கரி இந்தோனேசியாவுலேர்ந்து வருது. பனாமாவ அந்தக் கப்பல் கனாவுலகூடப் பாத்திருக்காது. ஓடல?”

“அது சலுகைக்காகப் பண்றது பாய்.”

“சலுகையோ கிலுகையோ. போற துறைமுகத்துல அந்தக் காயிதத்த மதிக்கிறானா? அத மட்டும் கேளுங்க சார். மதிக்காத கொடியக் கட்டிக்கிட்டுப் போனா, அல்லா காப்பாத்தணும், நடுக்கடல்லதான் நங்கூரம் போடணும்.”

இதை வீட்டில் வந்து மகளிடம் ஒரு கண்டுபிடிப்பாகச் சொன்னேன். “பாய் மாமா சரியாத்தான் சொல்றாங்க. அதத்தான் நான் ஒரு வாரமா பாத்துக்கிட்டு இருக்கேன்” என்று மடிக்கணினியைத் திருப்பினாள்.

இரண்டு மாநிலங்களையும் நாங்கள் சுலபம், கடினம் என்றே அழைக்க ஆரம்பித்திருந்தோம். சுலபமான மாநிலம் அவளுடைய பட்டப்படிப்பையும் இந்தியப் பட்டயத்தையும் சேர்த்துப் போதும் என்று ஏற்றுக்கொண்டது. தேர்வு எழுதி, அனுபவத்தைக் காட்டினால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். கடினமான மாநிலம் இந்தியப் பட்டயத்தைப் படிப்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. இன்னும் சில பாடங்களை ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறவேண்டும், அனுபவத்தையும் வரிவரியாகச் சரிபார்ப்பார்கள். குறைந்தது இரண்டு வருஷம். அவ்வளவு காலம் மாப்பிள்ளை அங்கே தனி, இவள் இங்கே தனி.

முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மாப்பிள்ளைக்கு அது சனிக்கிழமை இரவு. ஃபோனை மேசைமேல் சாய்த்து வைத்திருந்தோம்.

“சுலபமானதையே வாங்கிக்கம்மா” என்றேன் நான். “மொதல்ல கையில ஒரு காகிதம் இருக்கணும். மத்ததெல்லாம் பிற்பாடு திருத்திக்கலாம். நான் எத்தன கோப்பு பாத்திருக்கேன்.”

“அதுல ஒரு சிக்கல் இருக்குப்பா. அந்த லைசென்ஸ் அந்த ஸ்டேட்டுக்குள்ளதான் முழுசா செல்லும். அடுத்த ஸ்டேட் ஏத்துக்கணும்னா அப்பவும் இந்தப் பாடமெல்லாம் படிச்சுத்தான் ஆகணும். கடினமானத வாங்குனா மத்த ஸ்டேட்லயும் மதிப்பாங்க. நான் சேரப்போற ஆபீஸுக்கு கிளையன்ட் எல்லாம் பத்து ஸ்டேட்ல இருக்காங்க. ஒரு ஸ்டேட்ல கையெழுத்துப் போட்டுட்டு இன்னொரு ஸ்டேட்ல கைய கட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு எதுக்கு லைசென்ஸ்?”

“மாப்ள அங்க ரெண்டு வருஷம் தனியா பொங்கித் தின்னுக்கிட்டுக் கெடக்கணுமா?” என் மனைவியின் குரல் உயர்ந்தது. “ஒரு வருஷத்துல கெடைக்கிறத விட்டுட்டு யாராச்சும் ரெண்டு வருஷத்துக்குப் போவாங்களாடி? ஊரு என்ன பேசும்?”

“ஊரு எந்த ஸ்டேட்டும்மா?”

“வாயப் பாரு. ஏங்க, உங்க வாயிதான் இவளுக்கு.”

ஃபோனிலிருந்து ஒரு செருமல் வந்தது. மாப்பிள்ளை பேசுவதற்கு முன் எப்போதும் செருமுவார்.

“அத்த, அவ சொல்றதுதான் சரி. நான் சாம்பார் வைக்கக் கத்துக்கிட்டேன்.”

“சாம்பாரா? அது எப்படி இருந்துச்சு?”

“சுமார்தான் அத்த. ரெண்டு வருஷத்துல சரியாயிடும்.”

என் மனைவியால் அதற்குமேல் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. மகள் கடினமான மாநிலத்தின் விண்ணப்பத்தைத் திறந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நிரப்புவதைப் பார்த்தேன். ஒரு கட்டத்தில்கூட அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்கும்படி ஒரு கட்டமாவது வரும் என்று கடைசிப் பக்கம்வரை உட்கார்ந்திருந்தேன்.

என் பங்குக்கு ஒரு வேலை வந்தது. அவளுடைய மதிப்பெண் பட்டியல்களைப் பல்கலைக்கழகமே உறையில் போட்டு முத்திரையிட்டு, அமெரிக்காவில் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பவேண்டும். அவள் படித்த கல்லூரி காரைக்காலில், பல்கலைக்கழகம் புதுச்சேரியில். அதிகாலைப் பேருந்தில் கிளம்பினேன். விண்ணப்பம், இணைப்புகள், சான்றொப்பமிட்ட நகல்கள், முகவரி எழுதிய உறைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முகப்புக் கடிதம். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இருந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார் கவர்ன்மென்ட் சர்வீஸ்ல இருந்தவங்களா?”

“எப்படித் தெரிஞ்சுதும்மா?”

“லெட்டர் தலையில ‘பார்வை’ன்னு போட்டு ஆறு பழைய கடிதத்தோட எண்ணும் தேதியும் எழுதியிருக்கீங்க. இங்க வர்ற பிள்ளைங்க தேதியே போட மாட்டாங்க.”

“ஆறும் சம்பந்தப்பட்டதுதான்மா.”

“இருக்கட்டும் சார். பாக்கவே ஆசையா இருக்கு. உக்காருங்க, இன்னைக்கே முடிச்சுடலாம்.”

நான் சொல்வதற்கு முன்பே அந்த அம்மாள் முத்திரையைப் பாதி உறையிலும் பாதி மூடியிலும் விழும்படி குத்தினார். திரும்பி வரும்போது சிதம்பரம் தாண்டும்வரை அதை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்த முழு விவகாரத்திலும் என் சாதனை அந்த உறை ஒன்றுதான் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். மற்றதெல்லாம் அவள்.

அடுத்தது பெயர்ப்பலகை. சென்னை வேலையை ஏற்றுக்கொண்டால் இங்கே தனியாகத் தொழில் செய்யமுடியாது. உடன் படித்த தோழி ஒருத்தியிடம் அலுவலகத்தையும் வாடிக்கையாளர்களையும் ஒப்படைத்தாள். ஒப்படைத்த அன்று பலகையைக் கழற்ற ஆள் வந்தபோது நானும் போயிருந்தேன். அவள் கண்ணில் தூசு விழுந்த மாதிரி எதுவும் தெரியவில்லை. ஆணியைச் சுவரிலிருந்து பிடுங்காமல் விட்டுவிடுங்கள், அடுத்த பலகைக்கு ஆகும் என்று ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இருந்த கையெழுத்தைக் கொடுத்துவிட்டு, கிடைக்குமா என்று தெரியாத ஒன்றுக்காக முப்பது வயதில் மறுபடி பாடப்புத்தகம் திறக்கிறவளுக்கு நடுக்கம் இல்லாமல் இருந்திருக்காது. எனக்கு இருந்தது. ஸ்கூட்டர் சாவியை இரண்டு தடவை தேடினேன். அது கையிலேயே இருந்தது.

வாரம் முழுதும் சென்னையில் பெண்கள் விடுதி, வேலை, மாலையில் பல்கலைக்கழகப் பாடம். சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள். எழுந்து மறுபடி படிப்பாள். உரிமத் தேர்வில் நான்கு தாள்கள். முதல் மூன்றில் தேறினாள். நான்காவது, அவர்களுடைய வரிச்சட்டம். அதில் தவறிவிட்டது.

முடிவு வந்த அன்று வீட்டில்தான் இருந்தாள். திரையைப் பார்த்தாள். எங்களிடம் திரும்பி, “நம்ம வரியும் அவங்க வரியும் மண்டைக்குள்ள சண்ட போட்டு, ரெண்டும் தோத்துடுச்சு” என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. கைதான் மடிக்கணினியை மூடாமல் அப்படியே இருந்தது. தேறிய தாள்களும் ஒரு கெடுவுக்குள் நான்காவதைத் தேறாவிட்டால் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும் என்ற விதி எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

சுலபமானதையே எடுத்திருக்கலாம் என்று என் மனைவி ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்து, அவளை அடக்க ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் அடுக்களையிலிருந்து வந்து மகள் முன்னால் தட்டை வைத்தாள்.

“ஒண்ணு போனா என்னடி? மூணு கெடக்குல்ல. மொதல்ல சாப்பிடு. மறுக்கா எழுது. அவனுவ வரியென்ன, வானத்துலேர்ந்தா எறங்குச்சு?”

மறுக்கா எழுதினாள். சென்னையில் ஆடிட்டர்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லாத மாதத்தில் விடுப்பும் எடுக்காமல் எழுதினாள். தேறினாள். மதிப்பெண்ணை இங்கே சொல்லக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் கேட்டால் சொல்வேன்.

அதன்பிறகு அனுபவச் சரிபார்ப்பு. சென்னை அலுவலகத்தின் தலைவர் அமெரிக்க உரிமம் உள்ளவர். அவர் அனுப்பிய படிவத்தை வாரியம் ஒரு தடவை திருப்பி அனுப்பி, அவள் தனியாகச் செய்த வேலைகள் எவை, மற்றவரோடு சேர்ந்து செய்தவை எவை என்று விளக்கம் கேட்டது. கேட்ட விதத்தைப் பார்த்து எனக்கு அந்த வாரியத்தின்மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். விளக்கம் போயிற்று. பிறகு மௌனம்.

அந்த மாநில வாரியம் உரிமம் பெற்றவர்களின் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடலாம், ஊரைப் போட்டும் தேடலாம். நான் தினமும் காலை காபிக்குப் பிறகு அவள் பெயரைப் போட்டுத் தேடுவேன். பதிவு இல்லை என்று வரும். ஒரு வியாழக்கிழமை பதிவு வந்தது. பெயர். உரிம எண். நிலை: நடப்பில் உள்ளது. ஊர்: காரைக்கால்.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை பெயரை விட்டுவிட்டு, ஊர் என்ற கட்டத்தில் காரைக்கால் என்று போட்டுத் தேடினேன். ஒரே ஒரு பதிவு வந்தது. அத்தனை பெரிய மாநிலத்தின் பதிவேட்டில் எங்கள் ஊருக்கு ஒரே ஒருத்தி. என் மனைவியைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

“இது அவதானா? நல்லா பாருங்க.”

“காரைக்கால்ல வேற யாரு?”

“அப்ப நான் மாப்ளைக்கு ஃபோன் போடுறேன். நீங்க போட்டா விதியெல்லாம் சொல்லிட்டு மேட்டர கடைசிலதான் சொல்லுவீங்க.”

நிறுவனம் அவளை, மாப்பிள்ளை இருக்கும் ஊரிலேயே உள்ள தன் அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்றி உத்தரவு கொடுத்தது. விசாவில் அவள் பெயர்தான் முதல் பெயர், யாருடைய மனைவி என்ற காரணத்தால் வந்த பெயர் அல்ல. மாப்பிள்ளை விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போனார். சாம்பார் தேறிவிட்டதாக அன்றைக்கே தகவல் வந்தது.

முகவரி மாறினால் முப்பது நாளுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. நினைவூட்டலாமா என்று இருந்தேன். ஒரு வாரம் கழித்து, வழக்கம்போல் காபிக்குப் பிறகு, ஊர்க் கட்டத்தில் காரைக்கால் என்று போட்டேன். இந்த ஊரில் யாருக்கும் உரிமம் இல்லை என்று வந்தது. அதற்குள் மாற்றிவிட்டிருக்கிறாள்.

பதிவு இல்லை என்ற பதிலை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிறகு அவள் பெயரைப் போட்டேன். புது ஊர், பழைய எண், நிலை: நடப்பில் உள்ளது. இருப்பது ஓரிடம், பெயர் பதிந்திருப்பது வேறிடம் என்பதன் அருமை தெரிந்தவர் என்பதால், அடுத்த வீட்டுப் பிரெஞ்சுக்காரரைச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டுக் காட்டினேன்.